72 வயதுத் தொண்டையும் 'இன்வின்சிபிள் ஷீல்'டும்: ஜூடாஸ் பிரீஸ்ட் உண்மையிலேயே திரும்பி வந்துவிட்டார்களா?

குடமுருட்டிக்கரை (கும்பகோணம்)
2024 மார்ச் 11, இரவு 10.40

நேற்று ஞாயிற்றுக்கிழமை, பட்டறை லீவு. மாடிக்குப் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இங்கிலாந்து ஹெவி மெட்டல் குழு ஜூடாஸ் பிரீஸ்ட்டின் 'இன்வின்சிபிள் ஷீல்ட்' ஆல்பத்தை இரண்டு தடவை முழுதாகக் கேட்டேன். மார்ச் 8ஆம் தேதி வந்தது, 11 பாட்டு. கேட்டு முடித்ததும் முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, லேசான எரிச்சல். பாடகர் ராப் ஹால்ஃபோர்டுக்கு 72 வயது. எனக்கு 46. சுவாமிமலையில் 60 படி ஏறுவதற்குள் நடுவில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அந்த மனிதர் 'பேனிக் அட்டாக்'கில் எந்த உச்சியில் போய் நிற்கிறார் என்று பாருங்கள்.

நம் குழுவில் பாதிப் பேர் இவர்களை 'பிரிட்டிஷ் ஸ்டீல்', 'பெயின்கில்லர்' என்ற பழைய ஆல்பங்கள் இரண்டோடு மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டீர்கள். நானும் அப்படித்தான் போட்டிருந்தேன். இடையில் குழுவை விட்டுப் போயிருந்த ஹால்ஃபோர்ட் 2003இல் திரும்பி வந்தார். 2005இல் 'ஏஞ்சல் ஆஃப் ரெட்ரிபியூஷன்' வந்தது. சரி, கடையைத் திறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். 2008இல் 'நாஸ்ட்ரடாமஸ்' என்று இரண்டு சிடி நிறையக் கதாகாலட்சேபம் நடத்தினார்கள். முதல் சிடியிலேயே தூங்கிவிட்டேன். 2011இல் கிடார் வாசித்த கே.கே. டவுனிங் விலகினார். 2014இல் 'ரிடீமர் ஆஃப் சோல்ஸ்'. பாட்டெல்லாம் பரவாயில்லை, சத்தம்தான் சரியில்லை.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பித்தளைச் சாமானை வார்ப்பிலிருந்து எடுத்து, ஆறியதும் விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டுவோம். கணீர் என்றால் சரக்கு சுத்தம். டொக் என்றால் எங்கேயோ கீறல், இல்லையென்றால் உள்ளே புரை. கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரிந்துவிடும். 'ரிடீமர்' டொக். 2018இல் வந்த 'ஃபயர்பவர்' கணீர். இப்போது வந்திருப்பதும் கணீர்.

ஒரு தடவை நன்றாக அமைந்தால் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். ஆறு வருஷம் கழித்து இரண்டாவது தடவையும் அமைந்தால்? கேட்டுவிட்டு வாருங்கள், பேசலாம். கேட்காமல் பேசுபவர்களுக்கு டிகிரி காபி கிடையாது.


பெயின்கில்லர்90 (தஞ்சாவூர்)
2024 மார்ச் 11, இரவு 11.25

அண்ணே, கேட்டுவிட்டேன். காபியை எடுத்து வையுங்கள்.

நல்ல ஆல்பம்தான். ஆனால் இது ஜூடாஸ் பிரீஸ்ட் இல்லை, ஜூடாஸ் பிரீஸ்ட் மாதிரி வாசிக்கத் தெரிந்தவர்களின் ஆல்பம். 1974இல் 'ராக்கா ரோலா' வந்தபோது இருந்தவர்களில் இன்றைக்கு மேடையில் முழு நேரமும் நிற்பவர்கள் ஹால்ஃபோர்டும் பேஸ் வாசிக்கும் இயன் ஹில்லும் மட்டும்தான். டவுனிங் போய்ப் பதிமூன்று வருஷம் ஆகிறது. இன்னொரு கிடார்க்காரர் கிளென் டிப்டனுக்குப் பார்க்கின்சன்ஸ் நோய். டிரம்ஸ் ஸ்காட் டிராவிஸ், 1989இல் வந்தவர். அவரை நான் ஏற்றுக்கொள்கிறேன், காரணம் என் பெயரிலேயே இருக்கிறது. மற்றபடி கிடார் சுமை பெரும்பாலும் ரிச்சி ஃபால்க்னர் தலையில். அவர் பிறந்தது 1980 ஜனவரி. 'பிரிட்டிஷ் ஸ்டீல்' வந்தது அதே வருஷம் ஏப்ரல். அந்த ஆல்பத்துக்கு அண்ணன் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம், மூன்றரை மாச அண்ணன்.

தயாரிப்பு ஆண்டி ஸ்னீப். மேடையில் டிப்டன் இடத்தில் வாசிப்பதும் அவரே. 'ஃபயர்பவர்' வந்த சமயத்தில், ஸ்டூடியோவிலேயே ஸ்னீப்பின் கை இருக்கிறதோ என்று டவுனிங் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். குழு மறுத்தது. மறுத்ததை நம்புகிறேன். ஆனால் அப்படி ஒரு கேள்வி எழுந்ததே, அதைத்தான் சொல்கிறேன்.

ஆக, திரும்பி வந்தது யார்? பெருமாள் அவரேதான், புறப்பாட்டுக்கு வாகனம்தான் மாறுகிறது என்று யாரும் வராதீர்கள். இங்கே பெருமாளே பாதி மாறிவிட்டார்.


மன்னை_மெட்டல் (மன்னார்குடி)
2024 மார்ச் 12, காலை 7.05

எனக்கு 22 வயது அண்ணே. பத்தாம் வகுப்புத் தேர்வு நடந்துகொண்டிருந்தபோது 'ஃபயர்பவர்' வந்தது, நான் முதலில் கேட்ட ஜூடாஸ் பிரீஸ்ட் அதுதான். கணக்குத் தேர்வு போனதற்கு அதுவும் ஒரு காரணம். அப்புறம்தான் பின்னாடி போய்ப் பழையதெல்லாம் கேட்டேன். 'பெயின்கில்லர்' கேட்டதும், அட, இதுவும் 'ஃபயர்பவர்' மாதிரியே நன்றாக இருக்கிறதே என்று தோன்றியது.

அடிக்க வராதீர்கள்.


பெயின்கில்லர்90 (தஞ்சாவூர்)
2024 மார்ச் 12, காலை 7.11

தம்பி, எந்தத் தெரு?


நாகை_மிக்ஸிங் (சென்னை, ஊர் நாகப்பட்டினம்)
2024 மார்ச் 12, இரவு 9.30

தம்பியை விடுங்கள். டொக், கணீர் என்று அண்ணன் சொன்னதை என் வேலைப் பக்கத்திலிருந்து கொஞ்சம் பிரித்துச் சொல்கிறேன். நான் ஒலிப்பதிவுக் கூடத்தில் மிக்ஸிங் செய்பவள்.

'ரிடீமர்' ஆல்பத்தில் கிடார்களும் டிரம்ஸும் ஒரே இடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் ஐந்து பேர் மாதிரி. யாருக்கும் கை அசைக்க இடமில்லை. ஸ்னேர் டிரம் அடிக்கிற அடி தெரியும், அது அடங்குகிற வால் தெரியாது. அந்த வால் இல்லாவிட்டால் காதுக்கு அது தோல் கருவி என்றே தோன்றாது, அட்டைப் பெட்டி என்று தோன்றும்.

'ஃபயர்பவர்' ஆல்பத்துக்கு இரண்டு தயாரிப்பாளர்களைச் சேர்த்து உட்கார வைத்தார்கள். ஒருவர் டாம் ஆலம். 1979இல் வந்த மேடைப் பதிவு 'அன்லீஷ்ட் இன் தி ஈஸ்ட்' தொடங்கி 1988 'ராம் இட் டவுன்' வரை இவர்களைப் பதிவு செய்தவர், முப்பது வருஷம் கழித்து மறுபடி இவர்களின் ஸ்டூடியோ ஆல்பத்துக்கு வந்தார். இன்னொருவர் ஸ்னீப். 'சபாட்' என்ற குழுவில் கிடார் வாசித்தவர், பிறகு தயாரிப்பாளர் ஆனவர். ஜெர்மனியின் அக்செப்ட் குழு 2010இல் 'பிளட் ஆஃப் தி நேஷன்ஸ்' என்று திடீரென்று எழுந்து நின்றதே, அதுவும் இவர் கைதான். ஒருவருக்கு இந்தக் குழு எப்படி ஒலித்தது என்று தெரியும். இன்னொருவருக்கு இன்றைய காது எதைக் கேட்கிறது என்று தெரியும்.

இதைவிட முக்கியமான விஷயம், அந்த ஆல்பத்துக்கு எல்லோரும் ஒரே அறையில் நின்று சேர்ந்து வாசித்தார்கள். இப்போதெல்லாம் டிரம்ஸ் ஒரு நாள், பேஸ் ஒரு நாள், கிடார் வேறு ஊரில், பாட்டு வேறு நாட்டில், கடைசியில் என் மாதிரி ஒருத்தி கம்ப்யூட்டரில் ஒட்டித் தைப்பாள். தைத்த சட்டை அழகாகவே இருக்கும், ஆனால் உடம்போடு சேராது. ஒருவர் அரை நூல் முந்தினால் இன்னொருவர் தானாகக் கூடப் போவார், அது ஒட்டித் தைப்பதில் வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய பெரிய குழுக்கள் 'திரும்பி வந்தோம்' என்று காட்ட ஒலியை அமுக்கி அமுக்கி உரக்க வைப்பார்கள். 2008இல் மெட்டாலிகாவின் 'டெத் மேக்னெடிக்' அப்படித்தான் கெட்டது. அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' விளையாட்டில் அமுக்கப்படாமல் வந்தபோது, ரசிகர்கள் சிடியை வைத்துவிட்டு விளையாட்டிலிருந்து பதிவு செய்து கேட்டார்கள். 'இன்வின்சிபிள் ஷீல்'டும் உரக்கத்தான் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கிடார் இரண்டும் இடது வலது என்று தனித்தனியாக நிற்கின்றன. 'ஜயன்ட்ஸ் இன் தி ஸ்கை' நடுவில் மின்சாரம் இல்லாத கிடார் வருகிற இடத்தில் நிஜமாகவே காற்று வருகிறது.

2018 என்றதும் எனக்கு வேறொன்றும் ஞாபகம் வரும். நவம்பர் 16 கஜா புயல். நாகையில் கரண்ட் இல்லை, தென்னையெல்லாம் தலை போய் நிற்கிறது. ஜெனரேட்டர் வைத்திருந்த வீட்டில் வரிசையில் நின்று போன் சார்ஜ் செய்வோம். அதில் இறக்கி வைத்திருந்தது 'ஃபயர்பவர்' ஒன்றுதான். 'ரைசிங் ஃப்ரம் ருயின்ஸ்' என்று ஒரு பாட்டு இருக்கிறது அதில். அந்த வாரம் அந்தத் தலைப்பைப் பார்த்தாலே கோபமாக வந்தது, தாண்டித் தாண்டி வைத்தேன்.


தவில்வீட்டுப்பிள்ளை (மயிலாடுதுறை பக்கம்)
2024 மார்ச் 13, மாலை 4.15

பெயின்கில்லர் அண்ணனுக்குப் பதில் சொல்ல இரண்டு நாளாக நேரம் கிடைக்கவில்லை, முகூர்த்த நாட்கள். இப்போதும் ஒரு மண்டப வாசலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். உள்ளே சாம்பார் வாசனை.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தவில். நான் கல்லூரியில் டிரம்ஸ் பழகினேன். 'பெயின்கில்லர்' தொடக்கத்தில் டிராவிஸ் தனியாக வாசிக்கும் அந்தப் பகுதியை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். "கால் ரெண்டும் வேலை செய்யுது, சரி. கை ஏன் பேச மாட்டேங்குது?" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆனால் இரட்டைக் கிடார் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது வீட்டிலிருந்துதான். நம் பக்கத்தில் பெரிய மேளம் என்றால் நாயனம் இரண்டு, தவில் இரண்டு. திருவீழிமிழலை சகோதரர்கள் இரண்டு பேர் ஊதினால் ஒரு நாயனம் மாதிரிக் கேட்கும் என்று எங்கள் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். இரண்டு பேரும் ஒரே வரியைச் சேர்ந்து ஊதுவார்கள். அப்புறம் ஒருவர் விரித்துக்கொண்டு போவார், மற்றவர் அடியில் பிடித்துக்கொள்வார், பிறகு மாறிக்கொள்வார்கள். டிப்டனும் டவுனிங்கும் செய்தது அதுதான். அதை ஹெவி மெட்டலில் ஒரு சட்டமாகவே ஆக்கிய குழுக்களில் இவர்கள் முதல் வரிசை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பெரிய வித்வானுக்கு வயதாகிறது. பல் போனால் சீவாளி, அதாவது நாயனத்தில் வாய் வைத்து ஊதுகிற முனை, பிடிபடாது, மூச்சு நிற்காது. அவர் செட்டைக் கலைத்துவிட்டா போகிறார்? சிஷ்யன் பக்கத்தில் உட்காருவான். முதல் இரண்டு வருஷம் இரண்டாம் நாயனம். பிறகு ராக ஆலாபனை பாதி அவனிடம் போகும். கடைசியில் பெரியவர் ஒரு பல்லவி எடுத்துக் கொடுத்துவிட்டுச் சீவாளியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஊர்க்காரன் யாரும் "இது அவர் செட் இல்லை" என்று சொல்ல மாட்டான். அந்தப் பாணி வருகிறதா இல்லையா, அதைத்தான் கேட்பான்.

டிப்டன் இப்போது அப்படித்தான் இருக்கிறார். 2018இல் வெளியே சொன்னார்கள், ஆனால் அதற்குப் பத்து வருஷம் முன்பே நோய் கண்டுபிடித்தாகிவிட்டது. அண்ணன் தூங்கினாரே 'நாஸ்ட்ரடாமஸ்', அந்தச் சமயம். முடிகிறபோது கச்சேரியின் கடைசியில் வந்து இரண்டு மூன்று பாட்டு வாசிக்கிறார்.

பெருமாள், வாகனம் என்று பெயின்கில்லர் அண்ணன் எடுத்துவிட்டார், அதனால் நானும் அங்கேயே வருகிறேன். நாச்சியார்கோயிலில் கல் கருடன் பார்த்திருக்கிறீர்களா? மார்கழியிலும் பங்குனியிலும் புறப்பாடு. சந்நிதியிலிருந்து எடுக்கும்போது நான்கு பேர் தூக்குகிறார்கள். வெளியே வர வர எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு என்று ஆள் கூடிக்கொண்டே போகும், கனம் ஏறுகிறது என்பார்கள். திரும்பும்போது அதே மாதிரி குறையும். ஹெவி என்றால் அதுதான் ஹெவி. தோள் மாறுகிறது, கருடன் அதே கருடன்தான்.

முகூர்த்தம் வந்துவிட்டது. கெட்டிமேளம் என்கிறார்கள். வருகிறேன்.


குடமுருட்டிக்கரை (கும்பகோணம்)
2024 மார்ச் 13, இரவு 10.05

கல் கருடனுக்குப் பக்கத்திலேயே குத்துவிளக்கு வார்க்கிற தெருக்கள் இருக்கின்றன, தம்பி. காவிரி வண்டல் மண்ணில் அச்சு எடுத்து வார்ப்பார்கள். எங்கள் பட்டறைக்கு அங்கேயிருந்துதான் முதல் ஆசாரி வந்தார். அதனால் எனக்கும் கொஞ்சம் பேச உரிமை இருக்கிறது.

இந்த இசை ஏன் எனக்கு ஒட்டிக்கொண்டது என்று ரொம்ப நாள் தெரியாது. 90களில் திருச்சியில் ஒரு கடையில் கேசட் காப்பி போட்டு வாங்குவோம், அட்டையில் பேனாவால் எழுதிக் கொடுப்பார்கள். ஒரு வார்த்தை புரியாது. ஆனால் சத்தம் புரிந்தது. பின்னால்தான் படித்தேன், இவர்கள் இங்கிலாந்தில் பர்மிங்காம், வெஸ்ட் பிராம்விச், வால்சால் என்று உலோகப் பட்டறை ஊர்க்காரர்கள். ஹால்ஃபோர்ட் பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் உருக்காலைகள். டிப்டன் பிரிட்டிஷ் ஸ்டீல் நிறுவனத்திலேயே வேலை பார்த்தவர். அதே ஊரில் பிளாக் சபாத்தின் டோனி அயோமி தகடு வெட்டும் ஆலையில் இரண்டு விரல் நுனியை இழந்துவிட்டு, பிளாஸ்டிக் மூடி செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். தவில் வாசிக்க விரலில் கூடு போடுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'பிரிட்டிஷ் ஸ்டீல்' பதிவான கதை உங்களுக்குத் தெரியும், தம்பிக்காகச் சொல்கிறேன். ஸ்டூடியோ என்று பேர், உண்மையில் அது டிட்டன்ஹர்ஸ்ட் பார்க் என்ற பெரிய பங்களா. ஜான் லென்னன் இருந்த வீடு, பிறகு ரிங்கோ ஸ்டார் வாங்கியது. இப்போது மாதிரி சத்தத்தை எடுத்து ஒட்டுகிற கருவி அன்றைக்கு இல்லை. 'மெட்டல் காட்ஸ்' பாட்டில் இரும்பு ராட்சதர்கள் நடந்து வருகிற சத்தம் வேண்டும். சமையல்கட்டிலிருந்து கரண்டி, கத்தி வைக்கிற தட்டைத் தூக்கிவந்து மைக் முன்னால் குலுக்கினார்கள். 'பிரேக்கிங் தி லா'வில் கண்ணாடி உடைகிறதே, பால் பாட்டில்.

பாத்திரக்கடைக்காரன் பையனுக்கு இதைப் படித்த அன்றைக்கு எப்படி இருந்திருக்கும்! எங்கள் கடையில் ஒரு நாளைக்குப் பத்து 'மெட்டல் காட்ஸ்' நடக்கிறது, அம்மா அடுக்கு சரித்தால் பதினொன்று.

நாகை தங்கச்சி சொன்னதில் ஒன்று மனதில் நின்றது. ஒரே அறை. பட்டறையிலும் அதுதான். உலை ஊதுகிறவன், ஊற்றுகிறவன், அச்சுப் பிடிக்கிறவன் மூன்று பேரும் ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரிய நிற்க வேண்டும். ஊற்றும்போது யாரும் பேச மாட்டோம்.


பெயின்கில்லர்90 (தஞ்சாவூர்)
2024 மார்ச் 14, மதியம் 1.50

கல் கருடன் நல்ல அடி. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு கேள்வி. தோள் மாறினாலும் கருடன் அதே கருடன்தான் என்றால், 1997 'ஜகுலேட்டர்', 2001 'டெமாலிஷன்' இரண்டும் ஏன் கீழே விழுந்தன? அப்போது டிப்டன், டவுனிங், ஹில், டிராவிஸ் நான்கு பேரும் இருந்தார்கள், திடகாத்திரமாக. மாறியது ஒருவர்தான். ஹால்ஃபோர்டுக்குப் பதில் டிம் ஓவன்ஸ். அவரும் சாதாரண ஆள் இல்லை, இவர்கள் பாட்டையே பாடிக்கொண்டிருந்த குழுவிலிருந்து எடுத்தவர், தொண்டை பயங்கரம். நான்கு பேர் அதே தோள், அப்படியும் கருடன் நகரவில்லை. இன்றைக்கு அசல் ஆட்கள் இரண்டரைப் பேர், கருடன் பறக்கிறது. உங்கள் செட் கணக்கு எனக்கு உதைக்கிறது. என் கணக்கு எளிது: ஹால்ஃபோர்ட் இருந்தால் ஜூடாஸ் பிரீஸ்ட், இல்லாவிட்டால் இல்லை. மற்றவர்களெல்லாம் பக்கவாத்தியம்.


மன்னை_மெட்டல் (மன்னார்குடி)
2024 மார்ச் 14, மதியம் 2.20

அப்படியென்றால் ஹால்ஃபோர்ட் இருந்த 'நாஸ்ட்ரடாமஸ்' அண்ணே? அதில் டிப்டனும் டவுனிங்கும்கூட இருந்தார்கள்.

சும்மா கேட்டேன்.


பெயின்கில்லர்90 (தஞ்சாவூர்)
2024 மார்ச் 14, மதியம் 2.24

தெருப் பெயர் இன்னும் வரவில்லை.


மட்டுறுத்துநர்
2024 மார்ச் 14, மதியம் 3.00

விளையாட்டாகவே இருந்தாலும் முகவரி கேட்பதை நிறுத்திக்கொள்ளுங்கள். பெயின்கில்லர்90, மூன்றாவது தடவை கேட்டால் ஒரு வாரம் வெளியே. பிறகு, 2011 அக்டோபர் 30 பெங்களூரு மெட்டாலிகா கச்சேரிக்கு மைசூர் எக்ஸ்பிரஸில் ஏறிப் போன கதையை இங்கே தொடங்க வேண்டாம், அதற்குத் தனி இழை இருக்கிறது, நானூறு பதிவு தாண்டிவிட்டது.


தவில்வீட்டுப்பிள்ளை (மயிலாடுதுறை பக்கம்)
2024 மார்ச் 14, இரவு 11.40

மன்னைத் தம்பி பாதிப் பதிலைச் சொல்லிவிட்டான். மீதியை நான் சொல்கிறேன்.

'ஜகுலேட்டர்' ஏன் விழுந்தது? ஆள் போனதால் மட்டும் இல்லை அண்ணே, பாணி போனதால். 90களில் அமெரிக்காவில் பான்டெரா மாதிரிக் குழுக்கள் ஓடிக்கொண்டிருந்தன. இவர்களும் சுருதியை இறக்கி, கனமாக, கறாராக வாசிக்கப் பார்த்தார்கள். இரண்டு கிடாரும் பேசிக்கொள்கிற அந்தச் சல்லாபம் இல்லை. ஊரில் சினிமாப் பாட்டுக்கு மவுசு வந்ததும் நாயனக்காரர்கள் சிலர் அதற்குப் பின்னால் ஓடினார்களே, கிட்டத்தட்ட அதே கதை. தப்பென்று சொல்லவில்லை, வயிற்றுப்பாடு. ஆனால் மல்லாரி வாசிக்கச் சொன்னால் அப்புறம் கை வராது.

'நாஸ்ட்ரடாமஸ்' இன்னொரு பக்கம் ஓடியது. பெரிய வாத்தியக்குழு ஒலி, கதை, நடுநடுவே வசனம் மாதிரி. ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள், பாணி இல்லை.

'ஃபயர்பவர்' வந்தபோதுதான், நமக்கு என்ன தெரியுமோ அதை வாசிப்போம் என்று உட்கார்ந்தார்கள். அதற்கு ஃபால்க்னர் ஒரு காரணம். அவன் இவர்களைக் கேட்டு வளர்ந்த பையன். ரசிகன் ஒருவன் உள்ளே வந்தால் சில சமயம் குழுவுக்கே அதன் முகத்தைக் கண்ணாடியில் காட்டுவான். அப்பாவுக்கு மறந்துபோன ஒரு தீர்மானத்தை, பத்து வருஷம் முன்னால் கோயிலில் பதிவு செய்த டேப்பிலிருந்து நான் எடுத்து வாசித்துக் காட்டினேன். "இது எங்கடா புடிச்ச?" என்றார். உங்களுடையதுதான் அப்பா என்றேன். நம்பவில்லை.

இரண்டு நாயனம் இல்லாமல் இவர்களால் முடியாது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2022 ஜனவரியில் இனிமேல் ஒற்றைக் கிடாரோடு நான்கு பேராகவே கச்சேரிக்குப் போகிறோம், ஸ்னீப் வேண்டாம் என்று அறிவித்தார்கள். ரசிகர்கள் பிடித்த பிடியில் சில நாட்களிலேயே அவரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அது என் யோசனைதான், சொதப்பிவிட்டது என்று ஹால்ஃபோர்டே பின்னால் சொன்னார். நீங்கள் சொல்கிற பெருமாளே ஒற்றை நாயனம் போதும் என்று தப்புக் கணக்குப் போட்டார். ஊர்தான் திருத்தியது.


பெயின்கில்லர்90 (தஞ்சாவூர்)
2024 மார்ச் 15, காலை 6.30

ராத்திரி முழுக்க யோசித்தேன். ஹால்ஃபோர்ட் விஷயத்தில் நான் அசையவில்லை. ஆனால் 'நாஸ்ட்ரடாமஸ்' கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, அது உண்மை.

இன்று காலை நடைக்குப் போகும்போது மறுபடி கேட்டேன். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். கரையோரம் உளுந்து வயல் பச்சையாக நிற்கிறது. தலைப்புப் பாட்டு ஆறு நிமிஷம் ஓடுகிறது, அதில் கிடார் இரண்டும் மாறி மாறிப் போகிற இடத்தில் நடையை நிறுத்திவிட்டேன். 'சன்ஸ் ஆஃப் தண்டர்' சும்மா இடம் நிரப்ப வைத்தது, அதில் யாரும் என்னோடு சண்டைக்கு வர முடியாது. 'கிரவுன் ஆஃப் ஹார்ன்ஸ்' முதலில் பிடிக்கவில்லை, இப்போது பிடிக்கிறது. பத்துக்கு எட்டு. 'பெயின்கில்லர்' பத்துக்குப் பதினொன்று, அது வேறு.


நாகை_மிக்ஸிங் (சென்னை, ஊர் நாகப்பட்டினம்)
2024 மார்ச் 15, இரவு 8.45

எட்டா! இந்த இழையைப் பிரிண்ட் எடுத்து மாட்ட வேண்டும்.

இங்கிலாந்துப் பட்டியலில் இரண்டாம் இடத்தில் நுழைந்திருக்கிறது. 'ஃபயர்பவர்' அங்கே ஐந்தாம் இடம். இடம் வைத்து இசையை அளக்க வேண்டாம்தான், சொல்லி வைத்தேன்.


நாகை_மிக்ஸிங் (சென்னை, ஊர் நாகப்பட்டினம்)
2025 பிப்ரவரி 26, இரவு 10.10

ஒரு வருஷம் ஆகப்போகிறது, இழையை மேலே இழுக்கிறேன். ஃபால்க்னர் பற்றி வந்த செய்தியைப் பார்த்தீர்களா?

2021 செப்டம்பர் 26 விஷயம் எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவில் லூயிவில் நகரத்தில் ஒரு விழா, கடைசிப் பகுதியில் 'பெயின்கில்லர்' வாசித்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சில் பெருந்தமனி கிழிந்தது. பாட்டை முடித்துவிட்டுத்தான் இறங்கினார். இதய மருத்துவமனை நான்கு மைல் தூரத்தில் இருந்ததால் பிழைத்தார். பத்து மணி நேரத்துக்கு மேல் அறுவை சிகிச்சை.

இப்போது சொல்லியிருப்பது அதற்குப் பிறகு நடந்தது. வீடு திரும்பிச் சுமார் ஒரு மாதத்தில் பக்கவாதம் மாதிரி ஒன்று வந்திருக்கிறது. மூளையில் இடது பக்கம் பாதிப்பு, அதனால் வலது கை முன்பு மாதிரி இல்லை. வலது கை என்றால் கம்பியை மீட்டுகிற பிக் பிடிக்கிற கை. இவ்வளவு நாளும் வெளியே சொல்லாமல் மேடையேறியிருக்கிறார். இனிமேல் மறைத்து வாசிக்க முடியவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறார்.

அப்படியானால் 'இன்வின்சிபிள் ஷீல்ட்' முழுக்க அந்தக் கை.


பெயின்கில்லர்90 (தஞ்சாவூர்)
2025 பிப்ரவரி 26, இரவு 10.32

கிழவர்களின் சுமையைப் பையன் தூக்குகிறான் என்ற மாதிரி போன வருஷம் எழுதியிருந்தேன். மேலே போய்ப் படித்துவிட்டு வந்தேன்.

அந்தத் தலைப்புப் பாட்டை இப்போதுதான் மறுபடி போட்டேன். வலது கையை மட்டும் கேட்டேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நாகை, உங்கள் காதுக்கு ஏதாவது தெரிகிறதா?


நாகை_மிக்ஸிங் (சென்னை, ஊர் நாகப்பட்டினம்)
2025 பிப்ரவரி 26, இரவு 10.50

இல்லை அண்ணே. தேடித்தான் கேட்டேன்.


தவில்வீட்டுப்பிள்ளை (மயிலாடுதுறை பக்கம்)
2025 பிப்ரவரி 27, காலை 5.55

வாசிக்கிறவனுக்கு மட்டும் தெரியும். அப்பாவுக்கு வலது தோள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. தவிலின் வலப்பக்கம், வலந்தலையில் விரல் அதே வேகத்தில்தான் விழுகிறது, சபையில் யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்து கூட்டைக் கழற்றும்போது ஒவ்வொரு விரலாக இடது கையால் பிடித்துக் கழற்றுவார். அதை நான் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது, அதனால் தண்ணீர் எடுத்து வரப் போவது மாதிரி எழுந்து போய்விடுவேன்.

பங்குனியில் நாச்சியார்கோயில் பக்கம் ஒரு கோயில் புறப்பாட்டுக்கு நாங்கள் வாசிக்கிறோம். தனி ஆவர்த்தனத்தை இந்த வருஷம் அப்பா என்னிடம் விட்டிருக்கிறார், முதல் தடவையாக. குடமுருட்டிக்கரை அண்ணன் வீட்டிலிருந்து பக்கம்தான். பெயின்கில்லர் அண்ணன் தஞ்சாவூரிலிருந்து பஸ் ஏறினால் கும்பகோணத்தில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும். தேதி முடிவானதும் இங்கேயே போடுகிறேன்.


குடமுருட்டிக்கரை (கும்பகோணம்)
2025 பிப்ரவரி 27, காலை 6.20

வேறு பஸ்ஸெல்லாம் வேண்டாம். கும்பகோணம் ஸ்டாண்டில் வண்டியோடு நிற்கிறேன். மன்னைத் தம்பியும் வரட்டும், பெயின்கில்லருக்கும் தம்பிக்கும் நடுவில் நான் உட்கார்ந்துகொள்கிறேன். காபி பாக்கி ஒன்று இருக்கிறது, அதையும் முடித்துவிடலாம்.